கிரியேட்டினின் அதிகம் உள்ளவருக்கு அல்ட்ராசவுண்ட் கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?

"அப்பாவுக்குக் கிரியேட்டினின் கூடுதல் என்பதால் சிடிக்குக் கான்ட்ராஸ்ட் வேண்டாம் என்றார்கள். ஈரலில் தெரியும் கட்டியைப் பார்க்க இப்போது அல்ட்ராசவுண்டிலேயே கான்ட்ராஸ்ட் போடலாம் என்கிறார்கள். கிட்னிக்கு ஆபத்தில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிட்னியை நினைத்துப் பயப்பட வேண்டாம். நான் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் டாக்டர். இந்தப் பயத்தோடு வரும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். கான்ட்ராஸ்ட் என்றால் படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து. சிடி, அல்ட்ராசவுண்ட் இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதுதான் குழப்பம். சிடிக்கு ஏற்றுவது அயோடின் மருந்து, அது சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். இங்கே ஏற்றுவது வெறும் வாயுக் குமிழிகள். சோனோவியூ என்ற மருந்தில், மெல்லிய கொழுப்பு உறைக்குள் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு இருக்கும். குமிழியின் சராசரி அளவு சுமார் 2.5 மைக்ரான், ரத்தச் சிவப்பணுவே 7 மைக்ரானுக்கு மேல். அதனால் எந்த நுண்ணிய நாளத்திலும் அடைக்காமல் ஓடிவிடும். சில நிமிடங்களில் குமிழி கரைந்து, வாயு மூச்சோடு போய்விடும். டயாலிசிஸில் இருப்பவருக்கும் போடலாம்.

கையில் 2.4 மில்லி ஊசி, பின்னால் கொஞ்சம் உப்புநீர், அவ்வளவுதான். மெஷினின் சக்தியை நன்றாகக் குறைத்து வைப்போம், இல்லாவிட்டால் ஒலியலையே குமிழிகளை உடைத்துவிடும். 10 முதல் 20 வினாடிக்குள் தமனி ரத்தம் ஈரலுக்கு வருவது திரையில் தெரியும். ஹீமாஞ்சியோமா (ரத்தநாளங்களால் ஆன கட்டி) என்றால் ஓரத்தில் திட்டுத்திட்டாக வெளிச்சம் தொடங்கி மெல்ல உள்ளே நிரம்பும். அது புற்றுநோய் அல்ல. அப்படி நிரம்புவதைக் கண்டு, வெளியே காத்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்லப் போகும் நிமிடத்துக்காகவே எனக்கு இந்தப் பரிசோதனை பிடிக்கும். முதலில் பளிச்சென்று ஒளிர்ந்து, ஒரு நிமிடத்துக்கு அப்புறம் மெதுவாக மங்கினால் ஈரல் புற்றுநோயைச் சந்தேகிப்போம். ஒரு நிமிடத்துக்குள்ளேயே மங்கினால் வேறு இடத்திலிருந்து பரவியதா என்று தேடுவோம்.

அலர்ஜி மிக அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், குறிப்பாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் (இந்த ஊசியிலும் இருக்கும் ஒரு துணைப்பொருள்) கலந்த மருந்து என்றால், கட்டாயம் சொல்லுங்கள். இதய நோய் இருந்தாலும் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னால் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்.

ஒரு குறை உண்டு. சிடி போல முழு ஈரலையும் ஒரே ஊசியில் பார்த்துவிட முடியாது. முதல் 30 வினாடியும் ஒரே கட்டியின் மேல்தான் கண் இருக்கும். ஆகவே பழைய ஸ்கேன் படங்களை மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்த இடம் என்று ஊசி போடும் முன்பே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.