பூட்ஸுக்குள் வழுக்குவது எது? கிரிப் சாக்ஸ் வாங்கும் முன்

கேள்வி: நான் கால்பந்தில் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரப் பகுதியில், ஆடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் செயற்கை டர்ஃபில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை புல் மைதானத்தில் மேட்ச். சட்டென்று திரும்பும்போது பூட்ஸுக்குள் கால் வழுக்குகிறது. கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது, விரலுக்குக் கீழே உள்ள மேட்டில் அடிக்கடி கொப்புளம். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு ஜோடி கிரிப் சாக்ஸ் (பூட்ஸுக்குள் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த சாக்ஸ்) வாங்கினேன், மூன்றே துவைப்பில் அந்தப் புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. நல்லதாகப் பார்த்து வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா? எதைப் பார்த்து வாங்குவது? டீம் சாக்ஸோடு சேர்த்துப் போட்டால் ரெஃப்ரி ஒத்துக்கொள்வாரா?

பதில்: உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சாக்ஸ் இல்லை, அந்தக் கறுத்த நகம்தான். ஓடி வந்து சடாரென்று நிற்கும்போது பாதம் முன்னால் நழுவி, விரல் பூட்ஸின் முன்பக்கத்தில் போய் மோதுகிறது. மோதி மோதி நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. பூட்ஸ் நீளமாக இருந்தாலும் இது நடக்கும், குட்டையாக இருந்தாலும் நடக்கும். நீளமானதில் பாதம் நழுவிப் போய் முட்டுகிறது. குட்டையானதில் விரலுக்கு ஒதுங்க இடமே இல்லை. குட்டை பூட்ஸ் என்றால் எந்த சாக்ஸ் போட்டும் பயனில்லை. தடித்த சாக்ஸ் போட்டால் இன்னும் மோசம்.

அதனால் ஒரு நாள் மாலையில், பாதம் பகலெல்லாம் நடந்து கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், பூட்ஸிலிருந்து இன்சோலை, அதாவது உள்ளே பாதத்துக்குக் கீழே கிடக்கும் மெத்தை அட்டையை, உருவித் தரையில் வையுங்கள். விளையாடும்போது போடும் சாக்ஸோடு அதன்மேல் ஏறி நில்லுங்கள். குதிகால் இன்சோலின் பின்விளிம்போடு ஒட்டியிருக்கட்டும். நீளமான விரலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர்வரை இடம் இருந்தால் அளவு சரி. சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் காலியாகக் கிடந்தால் நீங்கள் மாற்ற வேண்டியது பூட்ஸை. பெரிய பூட்ஸுக்கு கிரிப் சாக்ஸ் போடுவது ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது மாதிரி; அன்றைக்குச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

அளவு சரியாக இருக்கிறது, ஆனாலும் வழுக்குகிறது என்றால் அடுத்த வேலை, எங்கே வழுக்குகிறது என்று கண்டுபிடிப்பது. பூட்ஸுக்குள் தோல், சாக்ஸ், இன்சோல், பூட்ஸின் அடித்தளம் என்று நான்கு அடுக்கு இருக்கிறது. அவற்றுக்கு நடுவே மூன்று சந்து. எந்தச் சந்தில் நழுவினாலும் நமக்கு ‘கால் வழுக்குது’ என்று மட்டும்தான் தெரியும். கிரிப் சாக்ஸ் நிச்சயமாகப் பிடிப்பது ஒரே ஒரு சந்தை, சாக்ஸுக்கும் இன்சோலுக்கும் நடுவே உள்ளதை.

அடுத்த மேட்ச் முடிந்ததும் பூட்ஸை அவசரமாக உருவாமல் மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். சாக்ஸின் குதிகால் பகுதி பக்கவாட்டில் திரும்பியோ, கணுக்காலை நோக்கி ஏறியோ இருந்தால், நழுவியது தோலுக்கும் சாக்ஸுக்கும் நடுவே. சாக்ஸ் இருந்த இடத்தில் இருக்கிறது, ஆனால் இன்சோல் முன்னால் நகர்ந்து மடிந்திருக்கிறது என்றால் குற்றவாளி இன்சோல். அதற்கு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் ஒரு துண்டு போதும், சாக்ஸே வாங்க வேண்டாம். இரண்டும் அசையவில்லை, ஆனால் இன்சோலின் மேல்துணி குதிகாலுக்கும் முன்மேட்டுக்கும் கீழே மட்டும் தேய்ந்து வழவழவென்று மின்னுகிறதா? அப்படியானால் கிரிப் சாக்ஸ் உங்களுக்குத்தான்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நானே ஒரு சீசன் முழுக்க ஒரு நல்ல ஜோடி சாக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பூட்ஸில் இன்சோலை ஒட்டவே இல்லை. சாக்ஸ் இன்சோலைக் கெட்டியாகப் பிடித்தது, இரண்டும் ஜோடியாக வழுக்கிக்கொண்டு போயின. கிரிப் சாக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை கூடவும் செய்யும், ஏனென்றால் பூட்ஸைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அது இன்சோலைப் பிடித்து வெளியே இழுக்கும்.

இப்போது கொப்புளத்துக்கு வருவோம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தோலின் மேல் ஏதோ தேய்வதால் கொப்புளம் வருகிறது என்றுதான் பொதுவாக நினைப்போம். தேய்ப்பைவிட இழுப்புதான் பெரிய காரணம். நீங்கள் திரும்பும்போது உள்ளே எலும்பு ஒரு பக்கம் நகர்கிறது. மேல்தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபடுகின்றன. நூற்றுக்கணக்கான தடவை இழுபட்ட பிறகு உள்ளுக்குள்ளேயே பிளந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. வியர்வையில் ஊறிய தோல் இன்னும் நன்றாக ஒட்டும், அதனால் இன்னும் நன்றாக இழுபடும்.

அப்படிப் பார்த்தால், பிடிப்பைக் கூட்டும் சாக்ஸ் கொப்புளத்தைக் குறைக்குமா, கூட்டுமா? இரண்டும் நடக்கும். சாக்ஸ் பூட்ஸுக்குள் சுருண்டு மடிவதால் வந்த கொப்புளம் என்றால் குறையும். தோலில் ஏற்கெனவே இழுப்பு அதிகம் என்றால் கூடலாம். நெடுந்தூரம் ஓடுகிறவர்களும் மலையேறுகிறவர்களும் போடும் இரட்டை அடுக்கு சாக்ஸை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு அடுக்கு இன்னொன்றின்மேல் வழுக்க வேண்டும் என்றே செய்திருப்பார்கள், இழுப்பு தோலுக்குப் போகாமல் துணியோடு நின்றுவிடும். கிரிப் சாக்ஸின் தத்துவம் இதற்கு நேர் எதிர். சட்டென்று நின்று திரும்பும் ஆட்டத்துக்குப் பிடிப்பு வேண்டும், கொப்புளத்துக்கு வழுக்கல் வேண்டும். இரண்டையும் ஒரே சாக்ஸ் முழுசாகத் தராது. கொப்புளம் வராது என்று அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பி மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இது: எப்போதும் கொப்புளம் வரும் அந்த ஒரு இடத்தில், விளையாடுவதற்கு முன்பே, காய்ந்த தோலின்மேல் விளையாட்டு டேப் ஒன்றைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுங்கள். அதற்குமேல் கிரிப் சாக்ஸ் போடுங்கள். வாஸ்லைன் தடவும் பழக்கம் இருந்தால் இந்த சாக்ஸோடு விட்டுவிடுங்கள், காசு கொடுத்து வாங்கிய பிடிப்பை நாமே கெடுத்த மாதிரி ஆகிவிடும். பவுடரும் அப்படித்தான். உள்ளே ஒரு சாதாரண சாக்ஸ், மேலே கிரிப் சாக்ஸ் என்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் புதிதாக ஒரு வழுக்கும் சந்தை உண்டாக்குகிறார்கள், வேறொன்றுமில்லை.

சரி, கடையிலோ ஆன்லைனிலோ என்ன பார்க்க வேண்டும்? முதலில் அந்த ரப்பர் திட்டுகள். உங்கள் பழைய ஜோடியில் இருந்தவை துணிமேல் மெல்லிசாக அச்சடித்த புள்ளிகளாக இருந்திருக்கும். துணி இழுபடும், அச்சு இழுபடாது, அதனால் வெடித்து உதிர்ந்துவிடும். வாங்கும் முன் சாக்ஸை இரண்டு கையாலும் அகலவாக்கில் நன்றாக இழுத்துப் பாருங்கள். திட்டின் ஓரம் தூக்கினாலோ, நடுவில் வெள்ளையாகக் கீறல் விழுந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடலாம். துணிக்குள் இறங்கிப் பிடித்திருக்கும், கொஞ்சம் தடித்த சிலிக்கோன் அல்லது ரப்பர் திட்டுகள் நீடிக்கும். அதற்காக மேடு மேடாக இருப்பதும் வேண்டாம். கெட்டியான தரையில் ஓடும்போது காலுக்குக் கீழே கூழாங்கல் கிடக்கிற மாதிரி குத்தும். உங்கள் டர்ஃப் பயிற்சிக்கு அது நிச்சயம் தொந்தரவு.

திட்டுகள் குதிகாலிலும் முன்மேட்டிலும் நெருக்கமாக இருக்க வேண்டும், பாரம் விழுவது அங்கேதான். உள்வளைவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம் சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். பெரும்பாலானோர் செய்யாத வேலை இது. இந்த வகையைப் பிரபலமாக்கிய ட்ரூசாக்ஸ் என்ற பிராண்டில் திட்டுகள் வெளியே மட்டுமில்லாமல் உள்ளேயும் இருக்கும், தோலையும் பிடிக்கும், இன்சோலையும் பிடிக்கும். வேறு பல சாக்ஸில் வெளியே மட்டும்தான் இருக்கும், தோல் பக்கத்தை இறுக்கமான பின்னல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேட்ச் முடிந்ததும் உங்கள் சாக்ஸ் திரும்பியிருந்தது என்றால் இரண்டு பக்கமும் பிடிக்கும் வகையை எடுங்கள். கொப்புளம்தான் உங்கள் முக்கியத் தலைவலி என்றால் வெளியே மட்டும் திட்டு உள்ளதே போதும். புரட்டிய கையோடு விரல்நுனித் தையலையும் தடவிப் பாருங்கள். அது தட்டையாக இருக்க வேண்டும். கறுத்த நகத்தோடு தடித்த தையலும் சேர்ந்தால் தாங்காது.

துணியைப் பொறுத்தவரை, முழுப் பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துக் கனத்து, கடைசிவரை ஈரமாகவே இருக்கும். நைலான் அல்லது பாலியஸ்டர், அதோடு இழுவைக்குக் கொஞ்சம் எலாஸ்டேன் கலந்தது நல்லது. தடிமன் உங்கள் பூட்ஸைப் பொறுத்தது. இன்சோல் சோதனையில் இடம் அளவாகத்தான் இருந்தது என்றால் மெல்லியது எடுங்கள்; சாக்ஸ் தடிமனோடு திட்டின் தடிமனும் சேரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

சாக்ஸ் அளவில் நான் கொஞ்சம் கறார். இரண்டு அளவுக்கு நடுவே நீங்கள் இருந்தால் சின்னதையே எடுங்கள். பெரியதில் மிச்சத் துணி மடியும், குதிகாலுக்கான திட்டு குதிகாலுக்கு மேலே ஏறி நிற்கும். ஆனால் போட்டுப் பார்க்கும்போது விரல்கள் மடங்கினால் மட்டும் பெரியதற்குப் போங்கள்.

ரெஃப்ரி விஷயம். கால்பந்து விதிகளில் 4-வது விதி வீரரின் உடைகள் பற்றியது. ஷின் கார்டை (முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் கவசம்) சாக்ஸ் மூடியிருக்க வேண்டும். சாக்ஸுக்கு வெளியே டேப்போ வேறு எதுவுமோ போட்டால், சாக்ஸின் எந்தப் பகுதியின்மேல் அது இருக்கிறதோ அந்தப் பகுதியின் நிறத்திலேயே அதுவும் இருக்க வேண்டும். வழக்கமாக எல்லோரும் செய்வது, டீம் சாக்ஸைக் கணுக்காலுக்கு மேலே வெட்டிவிட்டு, கீழே கிரிப் சாக்ஸ் போட்டு, மேல் பாதியை இழுத்து இணைப்பில் டேப் சுற்றுவது. சிவப்பு டீம் சாக்ஸுக்குக் கீழே வெள்ளை கிரிப் சாக்ஸ் எட்டிப் பார்த்தால் சில ரெஃப்ரிகள் கண்டுகொள்ள மாட்டார்கள், சிலர் மாற்றி வா என்று வெளியே அனுப்புவார்கள். அந்த வம்பே வேண்டாம், டீம் சாக்ஸ் நிறத்திலேயே கிரிப் சாக்ஸையும் டேப்பையும் வாங்குங்கள். உங்கள் போட்டி அமைப்பாளர் தனி விதி ஏதும் வைத்திருக்கிறாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். டேப்பை இறுக்கிச் சுற்றாதீர்கள், கெண்டைக்கால் மரத்துப்போகும். இங்கிலாந்து வீரர் ஜூட் பெல்லிங்கம் சாக்ஸின் பின்பக்கம் ஓட்டை போட்டுக்கொண்டு ஆடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது கெண்டைக்கால் இறுக்கம் சம்பந்தப்பட்டது, வழுக்கலோடு அதற்குத் தொடர்பில்லை.

புது ஜோடியை நேராக மேட்சுக்குப் போடாதீர்கள். முதலில் பயிற்சியில் அரை மணி நேரம் போட்டுவிட்டு, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். எங்காவது சிவந்து சூடாக இருந்தால் அடுத்த தடவை டேப் ஒட்ட வேண்டிய இடம் அதுதான். போடும்போதும் பொறுமை வேண்டும். பூட்ஸுக்குள் கால் வழுக்கிக்கொண்டு இறங்காது, அதுதானே இதன் வேலை. லேஸை அடிவரை தளர்த்தி, லேஸுக்கு அடியில் உள்ள பூட்ஸின் நாக்கை முன்னால் இழுத்து, விரல்பகுதியை முதலில் உட்கார வைத்து, பிறகு குதிகாலை இறக்குங்கள். பாதி வழியில் மாட்டிக்கொண்டு தள்ளினால் திட்டுகள் உரியும், சாக்ஸும் சுருங்கி உள்ளே மடியும். லேஸை மேல் முடிச்சில் மட்டும் இறுக்காமல், கீழிருந்து ஒவ்வொரு குறுக்காக இறுக்கிக்கொண்டு வாருங்கள்.

துவைப்பதில் உங்கள் பழைய ஜோடிக்கு என்ன நேர்ந்தது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. வெந்நீர், டிரையர், துணியை மென்மையாக்கும் திரவம் மூன்றும் இதற்கு ஆகாது. அந்தத் திரவம் திட்டின்மேல் ஒரு வழுவழுப்பான படலத்தைப் பூசிவிடும். சேறு காய்வதற்குள் குளிர்ந்த நீரில் அலசி, லேசான சோப்பில் கையால் கசக்கி, நிழலில் காயப்போடுங்கள். பூட்ஸ் இல்லாமல் வெறும் சாக்ஸோடு தரையில் நடக்காதீர்கள். தூசி ஒட்டிய திட்டு பிடிக்காது, சிமென்ட் தரை அதைத் தேய்த்தும்விடும். மேட்ச் நாளில் அறையிலிருந்து மைதானம்வரை சாக்ஸோடு நடப்பவர்கள்தான் இரண்டே மாதத்தில் ‘இது சரியில்லை’ என்கிறார்கள்.

ஒரு ஜோடிக்குப் பதில் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். குதிகால் திட்டுகள் வழவழப்பாகிவிட்டால், அல்லது ஏதாவது ஒரு திட்டு பாதி உரிந்து தொங்கினால், அந்த ஜோடியை மேட்சுக்கு எடுக்காதீர்கள். உரிந்த திட்டு உள்ளே மடிந்து, அடுத்த கொப்புளம் சரியாக அதற்கு மேலேயே வரும்.