ஜெபத்தில் வறட்சி: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறேன். ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். வெள்ளி இரவு வீட்டுக்கூட்டமும் எங்கள் வீட்டில்தான். ஆனால் இரட்சிக்கப்பட்ட புதிதில் இருந்த சந்தோஷம் இல்லை. முழங்கால் போட்டால் தூக்கம்தான் வருகிறது. உபவாசித்தும் மாற்றமில்லை. நான் எங்கே தவறினேன்?
– ஒரு சகோதரி, மன்னார்குடி

பதில்: சகோதரி, உபவாசத்தைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். கடைசியாக மனம் நிறைந்து பாடியது எந்தப் பண்டிகையில்? அதற்குப் பிறகு வீட்டிலும் சபையிலும் என்ன நடந்தது? எழுதிப் பாருங்கள். காரணம் பார்க்காமல் எல்லோருக்கும் ‘இன்னும் ஜெபியுங்கள்’ என்று சொல்லி அனுப்புவது நம் சபைகளில் நடக்கும் பெரிய பிழை.

உங்கள் கடிதத்தில் முதலில் தெரிவது உடல் அலுப்பு. 1 இராஜாக்கள் 19-ஐ வாசியுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து ‘போதும் கர்த்தாவே’ என்கிறார். அவருக்குக் கிடைத்தது பிரசங்கமல்ல. தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி வருவது நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான். ஆகவே வெள்ளிக் கூட்டத்தை மூன்று மாதம் வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். இரவு ஜெபத்தைக் காலைக்கு மாற்றி, போனைத் தொடுவதற்கு முன் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 42, 43, 103 இவற்றில் தொடங்கலாம். விண்ணப்பம் வைக்கும் முன் நேற்றைய நாளிலிருந்து மூன்று நன்றிகள், பெயர் சொல்லி.

நோட்டில் ஒரு பாவம் வந்து நின்றால், ‘எல்லாப் பாவத்தையும் மன்னியும்’ என்று பொதுவாக முடிக்காதீர்கள். சீட்டுப்பணக் கணக்கா, சொன்ன பொய்யா, அதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். அடக்கிவைத்தபோது எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறது 32-ம் சங்கீதம். அறிக்கையிட்ட அதே பாவத்தைத் தினமும் திரும்பக் கிளறாதீர்கள். 1 யோவான் 1:9 ஒருமுறை மன்னித்ததை மன்னித்ததாகவே சொல்கிறது.

நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது கசப்பு. வரப்பு, மடை, பாகப்பிரிவினை, கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடவில்லை என்ற மனத்தாங்கல். மத்தேயு 5:23-24 காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறது. தனியாகப் போங்கள், சொந்தக்காரரைக் கூட்டிப் போனால் பஞ்சாயத்தாகிவிடும். உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்: “அண்ணி, அன்னிக்கு மடை விஷயத்துல நான் பேசுனது தப்பு, மன்னிச்சிருங்க.” அதோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீங்களும்’ என்று ஆரம்பித்தால் போன காரியம் கெட்டது. அவர் முகம் கொடுக்காவிட்டால், ரோமர் 12:18 ‘உங்களாலானமட்டும்’ என்றுதான் கேட்கிறது. மன்னிப்பதற்காகப் பட்டாவை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அளவுப் பிரச்சினையை சர்வேயர் பார்க்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், அல்லது ஒருமுறையாவது சாகலாம் என்று தோன்றினால், அது விசுவாசக் குறைவல்ல, நோயாக இருக்கலாம். காத்திருக்காமல் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில், இலவசமாகப் பேசலாம். மாத்திரையும் ஜெபமும் ஒன்றையொன்று தடுக்காது.

கேள்வி: அறுக்க நின்ற சம்பா தை மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்று பிரசங்கம் கேட்டால் கோபம் வருகிறது. இது பாவமா?
– ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: இல்லை ஐயா. அந்த வசனம் உள்ள பிலிப்பியர் நிருபத்தைப் பவுல் கட்டுண்டிருந்த நிலையில் எழுதினார். தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததைப் பற்றி, ‘துக்கத்தின்மேல் துக்கம்’ என்று அதே நிருபத்தில் (2:27) எழுதுகிறார். வயல் விளையாவிட்டாலும் மகிழ்வேன் என்ற ஆபகூக் தீர்க்கதரிசியும் அந்த இடத்துக்கு மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறார். முதல் அதிகாரம் முறையீட்டில்தான் தொடங்குகிறது. நீங்கள் முதல் அதிகாரத்தில் இருக்கிறீர்கள்; அதையே ஜெபமாக்குங்கள், மூன்றாம் அதிகாரத்தை நடிக்க வேண்டாம்.

உங்கள் சபை மூப்பர்களுக்கு ஒரு வார்த்தை: இவர் வீட்டுக்கு வசனம் சொல்ல மட்டும் போகாதீர்கள். தண்ணீர் வடிந்ததும் உளுந்து தெளிக்க ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ விதை வேண்டும். தை முடிவதற்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.