கணக்குக் கேள்வி-பதில்: கைலியின் கட்டத்துக்குள் ஓர் அணி

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. நேரியல் இயற்கணிதத் தாளுக்காகச் செயல்திட்டம் செய்தாக வேண்டும், நடைமுறை வாழ்க்கையோடு தொடர்புடையதாகவும் அது இருக்க வேண்டும், எதை எடுப்பது, எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செய்திகளை மறைத்து எழுதும் ஹில் மறைகுறி முறையைச் செயல்திட்டமாக எடுத்தோம். ஆங்கில எழுத்துகளுக்கு 0 முதல் 25 வரை எண் கொடுத்துச் செய்த உதாரணங்கள் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்று பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். இதில் புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது? (மாணவி, திண்டுக்கல்)

ப: தமிழில் செய்து பாருங்கள். மொழிப்பற்றுக்காக இதைச் சொல்லவில்லை. கணக்கே அங்கே சுவையாக இருக்கிறது.

லெஸ்டர் ஹில் 1929-இல் வெளியிட்ட இந்த முறையில், எழுத்துகளை எண்களாக்கி, இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வோர் இணையையும் ஒரு 2×2 அணியால் (இரண்டு நிரை, இரண்டு நிரலாக அடுக்கிய நான்கு எண்களால்) பெருக்கி, விடையை மொத்த எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த எண்ணிக்கை 26. தமிழில் 247. நம் அரிச்சுவடி அட்டவணையை நினைத்துப் பாருங்கள்: பன்னிரண்டு உயிரும் ஓர் ஆய்தமும் சேர்ந்து 13 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசை, அதன் கீழே ககரம் முதல் னகரம் வரை பதினெட்டு வரிசைகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு உயிர்மெய்யும் ஒரு மெய்யுமாக மீண்டும் 13. ஆக 19 வரிசை, 13 கட்டம். 247 என்பது 13×19 என்ற பெருக்கற்பலன்தான் என்பதை அந்த அட்டவணையே காட்டிக்கொண்டிருக்கிறது.

உயிர் வரிசைக்கு 0, ககர வரிசைக்கு 1, ஙகரத்துக்கு 2 என்று னகரத்துக்கு 18 வரை வரிசை எண் கொடுங்கள். வரிசைக்குள் அகரத்துக்கு 0 முதல் ஔகாரத்துக்கு 11 வரையும், புள்ளி எழுத்துக்கு (முதல் வரிசையில் ஆய்தத்துக்கு) 12-உம் கட்ட எண். வரிசை எண்ணை 13-ஆல் பெருக்கிக் கட்ட எண்ணைக் கூட்டினால் எழுத்தின் எண் கிடைத்துவிடும். ‘மழை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மகரம் பத்தாம் வரிசை, ஆகவே ‘ம’ 130. ழகரம் பதினைந்தாம் வரிசை, ஐகாரம் 8, ஆகவே ‘ழை’ 203. திறவு அணியின் முதல் நிரை 2, 3 என்றும் இரண்டாம் நிரை 1, 2 என்றும் வைத்துப் பெருக்கினால் 869, 536 என்று வருகிறது. 247-ஆல் வகுக்க மீதி 128, 42. அட்டவணையில் பார்த்தால் 128 ‘பௌ’, 42 ‘சீ’. மழை ‘பௌசீ’ ஆகிவிட்டது. நேர்மாறு அணியின் நிரைகள் 2, −3 மற்றும் −1, 2. அதனால் பெருக்கினால் 130-உம் −44-உம் வரும்; −44-உடன் 247-ஐக் கூட்ட 203. மழை திரும்பிவிட்டது.

எந்த அணியை வேண்டுமானாலும் திறவாக வைக்கலாமா என்றால், கூடாது. திறவின் அணிக்கோவைக்கும் (2×2 அணியில், குறுக்காகப் பெருக்கி வரும் இரண்டு பெருக்கற்பலன்களின் வித்தியாசம்) 247-க்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்கக் கூடாது. அதாவது அணிக்கோவை 13-ஆலோ 19-ஆலோ வகுபடக் கூடாது. வகுபட்டால் வெவ்வேறு சொற்கள் ஒரே மறைசொல்லாக மாறி, பிரிக்க வழியில்லாமல் போய்விடும். ஆங்கிலத்தின் 26-க்கு 2, 13 என்ற காரணிகள் இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் 2×2 அணிகளில் சுமார் 34 விழுக்காடே அங்கே திறவாகப் பயன்படும். தமிழின் 247-க்கு இது ஏறத்தாழ 87 விழுக்காடு. இதை நீங்களே நிறுவலாம்: ஒரு பகா எண்ணுக்கு எத்தனை 2×2 அணிகள் நேர்மாறு உடையவை என்று எண்ணி, காரணிகளுக்குரிய விகிதங்களைப் பெருக்கினால் போதும்.

இன்னொரு படி போகலாம். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்ற ஐந்து கிரந்த வரிசைகளைச் சேர்த்தால் மேலும் 65 எழுத்துகள், ஆக 312. ‘ஸ்ரீ’ என்ற ஒற்றை எழுத்தையும் சேர்த்தால் 313. அது பகா எண்! அங்கே அணிக்கோவை 313-இன் மடங்காக இல்லாவிட்டால் போதும். ஆயிரத்துக்கு மூன்று அணிகள்தாம் தவறும். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று ஓயாமல் சண்டை நடக்கிற நாட்டில், எண்கணிதம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லி நான் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை.

கணினி நிரல் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். யூனிகோடில் ‘மழை’ என்பது ம, ழ, ஐகாரக் குறி என்று மூன்று குறியெண்கள்; சொல்லின் நீளம் கேட்டால் கணினி 3 என்றுதான் சொல்லும். நீங்கள்தான் அவற்றை எழுத்துகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறைப்பதோடு நிறுத்திவிட்டால் செயல்திட்டம் பாதியில் நிற்கும். உடைத்தும் காட்டுங்கள். 2×2 திறவைக் கண்டுபிடிக்க, தெரிந்த எழுத்துகள் நான்கு கிடைத்தால் போதும். நம்மவர் கடிதங்களோ ‘அன்புள்ள’ என்றுதானே தொடங்குகின்றன? அ, ன், பு, ள் ஆகியவற்றின் எண்கள் 0, 246, 121, 220. இரண்டு இணைகளையும் இரண்டு நிரல்களாக நிறுத்தினால் வரும் அணிக்கோவையை 247-ஆல் வகுக்க மீதி 121. அதற்கு 13-உம் காரணி அல்ல, 19-உம் அல்ல. ஆகவே நேர்மாறு உண்டு, திறவு கைக்கு வந்துவிடும். ஒரு நண்பரிடம் திறவைச் சொல்லாமல் கடிதம் மறைத்துத் தரச் சொல்லி, அதை வகுப்பிலேயே உடைத்துக் காட்டினால் உங்கள் பேராசிரியர் இரண்டாம் முறை திருப்பி அனுப்பமாட்டார்.

கே: எஸ்.வி.டி. முறையில் (ஓர் அணியை எளிய உறுப்பு அணிகளின் கூடுதலாகப் பிரிக்கும் முறை) படங்களை அமுக்குவது பற்றிச் செயல்திட்டம் செய்கிறோம். எல்லாரும் இதையே செய்கிறார்கள் என்கிறார்கள். விட்டுவிடலாமா? (மாணவர் குழு, ஈரோடு)

ப: விட வேண்டாம், படத்தை மாற்றுங்கள். இணையத்தில் கிடைக்கும் முகப்படத்தை எடுத்து, 10, 20, 50 என்று உறுப்புகளைக் கூட்டி, வரவரத் தெளிவாகிறது என்று எழுதுவதில் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தெளிவாகும் என்பது 1936-இல் எக்கார்ட்டும் யங்கும் நிறுவிய தேற்றத்திலிருந்தே தெரியும்.

நீங்கள் இருப்பது துணி ஊரில். கட்டம் போட்ட கைலி ஒன்றை எடுத்துத் தரையில் சுருக்கமின்றி விரித்து, நேர் மேலிருந்து படம் எடுத்து, கருப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். கட்டம் எப்படி உருவாகிறது? பாவு நூலின் நிறம் நீளவாட்டில் மாறாமல் போகிறது. ஊடை நூலின் நிறம் குறுக்குவாட்டில் மாறாமல் போகிறது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒவ்வொரு புள்ளியிலும் கண்ணுக்குத் தெரிவது அந்த இரண்டின் சராசரியே. அதாவது படத்தின் ஒவ்வோர் உறுப்பும் ‘நிரைக்குரிய எண் கூட்டல் நிரலுக்குரிய எண்’ என்ற வடிவில் இருக்கிறது. அப்படிப்பட்ட அணி, தரம் (ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) 1 உடைய இரண்டு அணிகளின் கூடுதல். ஆகவே அதன் தரம் 2-க்கு மேல் போக முடியாது, கட்டம் எத்தனை சிக்கலாக இருந்தாலும் சரி. 512×512 படத்தில் 2,62,144 எண்கள் இருக்கின்றன. தரம் 2 என்றால் 2,050 எண்களில் முழுப் படமும் அடங்கிவிடும், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

உண்மையான படத்தில் நூலின் பிசிறும் துணியின் மேடுபள்ளமும் இருக்கும் என்பதால் தரம் துல்லியமாக 2 ஆக இராது. ஆனால் முதல் இரண்டு சிங்குலர் மதிப்புகள் (எஸ்.வி.டி.யில் ஒவ்வோர் உறுப்பு அணிக்கும் உள்ள எடை) மற்றவற்றைவிட வெகுவாக உயர்ந்து நிற்க வேண்டும். பிறகு அதே கைலியை 45 பாகை சாய்த்து மீண்டும் படம் எடுங்கள். துணி அதேதான், ஆனால் கோடுகள் இப்போது நிரையோடும் நிரலோடும் ஒத்துப்போகவில்லை. மதிப்புகள் மெல்ல மெல்லத்தான் குறையும். எந்தப் படத்துக்கு எந்த வளைவு வரும் என்று படம் எடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டுப் பிறகு சரிபாருங்கள். ஒரு பக்க ஜன்னல் வெளிச்சத்தில் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கினால் தரம் கூடுமா என்றும் யோசியுங்கள். வெளிச்சம் நிரலுக்கு நிரல் மட்டும் மாறினால் கூடாது. ஏன் என்பதைக் காகிதத்தில் இரண்டு வரியில் காட்டிவிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். 512×512 படத்தில் 255 உறுப்புகள் வரைதான் இடம் மிச்சம். 256-ஐத் தொட்டால் மூலப் படத்தைவிடக் கூடுதல் எண்கள் சேமிக்க வேண்டியிருக்கும். அடுத்து, கைபேசி இப்படித்தான் படத்தைச் சுருக்குகிறது என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். ஜேபெக் முறை படத்தை 8×8 துண்டுகளாக்கிக் கொசைன் உருமாற்றம் செய்கிறது. அதுவும் நேரியல் உருமாற்றம்தான், ஆனால் எஸ்.வி.டி. அல்ல.

கே: ஒருவழிச் சாலைகள் நான்கு சூழ்ந்த ஒரு சதுக்கத்தில் வாகனங்களை எண்ணினோம். அ, ஆ, இ, ஈ என்ற நான்கு முனைகளில், வெளியிலிருந்து வருபவை வெளியேறுபவற்றைவிட ஒரு மணிக்கு முறையே 150 மிகுதி, 200 குறைவு, 100 மிகுதி, 50 குறைவு. நான்கு சமன்பாடுகள், நான்கு மாறிகள். ஆனால் அணிக்கோவை பூச்சியம் ஆகிவிடுகிறது. எண்ணியதில் தவறு என்கிறார் வழிகாட்டி. (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

ப: தவறு இல்லை. உங்கள் எண்களைப் பார்க்காமலே அணிக்கோவை பூச்சியம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சாலையில் போகும் வாகனம் ஒரு முனையிலிருந்து கிளம்புகிறது, இன்னொரு முனைக்கு வந்து சேர்கிறது. ஆகவே அணியின் ஒவ்வொரு நிரலிலும் ஒரு +1, ஒரு −1. நான்கு நிரைகளையும் கூட்டினால் பூச்சியம்தான் மிஞ்சும். நான்காவது சமன்பாடு முதல் மூன்றும் சொன்னதையே திரும்பச் சொல்கிறது, அணித்தரம் 3.

ஈ-யிலிருந்து அ-வுக்குப் போகும் வாகனங்களை ‘த’ என்று வைத்தால், அ–ஆ சாலையில் த+150, ஆ–இ சாலையில் த−50, இ–ஈ சாலையில் த+50. ஒருவழிச் சாலையில் குறை எண் வர முடியாது என்பதால் ‘த’ 50-க்குக் குறையாது. இதற்குமேல் முனைகளில் நின்று எத்தனை முறை எண்ணினாலும் புதிதாக எதுவும் தெரியவராது. சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி வரும் ஓர் ஆட்டோவை எந்த முனையின் கணக்கும் காட்டிக்கொடுக்காது அல்லவா? நான்கு சாலைகளில் ஏதேனும் ஒன்றின் நடுவில் ஒரு நண்பரை நிறுத்துங்கள். அந்த ஒரே எண் மற்ற மூன்றையும் தந்துவிடும். மின்சுற்றுகளில் கிர்க்காஃப் விதிகளை எழுதும்போதும் சந்திகளில் ஒன்றின் சமன்பாட்டை விட்டுவிடுவது இதே காரணத்தால்தான்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறு: உங்கள் நான்கு எண்களின் கூடுதல் துல்லியமாகப் பூச்சியம். தெருவில் நின்று எண்ணினால் அப்படி வருவது அரிது. ஒருவர் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனாலே கணக்கு இடிக்கும். சரிக்கட்டியிருந்தால், சரிக்கட்டும் முன் இருந்த எண்களையே அறிக்கையில் கொடுங்கள். ஈ முனையில் 50-க்குப் பதில் 42 என்று இருந்திருந்தால் கூடுதல் 8. சமன்பாடுகளுக்குத் தீர்வே இராது. அப்போது மீச்சிறு வர்க்க முறை (பிழைகளின் வர்க்கங்களின் கூடுதலை மிகக் குறைவாக்கும் முறை) அந்த 8-ஐ முனைக்கு இரண்டாகப் பங்கிட்டுவிடும். அதற்குப் பிறகு, நான்கு முனைகளிலும் ஒரே அளவு பிழை நேரும் என்று நம்பலாமா, நெரிசலான முனையில்தானே கூடுதல் பிழை இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல செயல்திட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

கே: 12-ஆம் வகுப்புப் பாடத்தில், சமன்பாடுகளை அணிக்கோவைகளால் தீர்க்கும் கிராமரின் விதி இருக்கிறது. அதைப் பெரிய கணக்குகளுக்கும் பயன்படுத்துவார்களா? (மாணவர், விருதுநகர்)

ப: மாட்டார்கள். பத்து மாறிகள் என்றால் 11 அணிக்கோவைகள். ஒவ்வொன்றையும் விரித்தால் 36,28,800 உறுப்புகள். மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகும் காஸ் நீக்கல் முறையில் அதே கணக்கு 430 பெருக்கல், வகுத்தல்களில் முடிந்துவிடும்.

1949-இல் பொருளாதார அறிஞர் வாஸிலி லியான்டியெஃப் அமெரிக்கப் பொருளாதாரத்தை 500 துறைகளாகப் பிரித்துச் சமன்பாடுகள் எழுதினார். அன்றைய மார்க் 2 கணினியால் அத்தனையைத் தாங்க முடியாததால் 42 சமன்பாடுகளாகச் சுருக்கினார். அதற்கே 56 மணி நேரம் ஓடியது. 1973-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. கிராமரின் விதிப்படி விரித்துச் செய்திருந்தால் உறுப்புகளின் எண்ணிக்கை மட்டுமே 53 இலக்கங்களுக்குப் போயிருக்கும். இரண்டு, மூன்று மாறிகளுக்கும் தேர்வுக்கும் அவ்விதி போதும்.

கே: மாணவர்கள் செயல்திட்ட அறிக்கையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கி வருகிறார்கள். யார் செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கணிதப் பேராசிரியர், தஞ்சாவூர்)

ப: அறிக்கையை மூடி வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஓர் எண்ணை மாற்றிக் கேளுங்கள். போக்குவரத்து என்றால், ஒரு சாலை இருவழியாகிவிட்டது, அணியில் என்ன மாறும் என்று கேட்கலாம். கைலி என்றால், கட்டத்துக்குப் பதில் வெறும் கோடு போட்ட துணியாக இருந்தால் தரம் என்ன என்று கேட்கலாம்; கையால் செய்து பார்த்தவர் ஒன்று என்று உடனே சொல்லிவிடுவார். தமிழ் மறைகுறி செய்திருந்தால், திறவின் அணிக்கோவை 26 என்று வையுங்கள். 247 எழுத்துகளுக்கு அது செல்லாது, ஸ்ரீ வரையிலான 313-க்குச் செல்லும். காரணத்தை மாணவர் தாளில் எழுதட்டும், நீங்கள் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.