கரை வேட்டி கட்டவா இந்தப் படிப்பு?

கேள்வி: அம்மா, வணக்கம். விருத்தாசலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் பிரிவு, 600க்கு 521. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். என்னை பி.காம். சேரச் சொல்கிறார். எனக்கு பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்க ஆசை. 'கரை வேட்டிக்காரன் பின்னால் கொடி பிடிக்கவா அரசியல் படிக்கிறாய்?' என்று கோபப்படுகிறார். மாமாவோ, 'ஐ.ஏ.எஸ். எழுதுவதென்றால் படி, இல்லாவிட்டால் மூன்று வருஷம் வீண்' என்கிறார். எனக்கு ஆசை வந்த காரணம் வேறு. பிளஸ் ஒன் படிக்கும்போது ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு அம்மாவுடன் போயிருந்தேன். எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண். ஆனால் பேசியதெல்லாம் அவருடைய கணவர். தலைவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. சட்டம் நாற்காலி கொடுத்தும் அவரால் ஏன் பேச முடியவில்லை என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் அந்தப் படிப்பில் சொல்லித் தருவார்களா? படித்தால் வேலை கிடைக்குமா?
(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்பு மகளே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடத்தைக் கற்பித்தவள் நான். முதலாண்டு வகுப்பில் ஒவ்வொரு வருடமும் 'ஏன் இந்தப் பாடத்தை எடுத்தீர்கள்?' என்று கேட்பேன். வேறு இடம் கிடைக்கவில்லை என்பார்கள், ஐ.ஏ.எஸ். என்பார்கள். ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, பேச வேண்டியவர் ஏன் பேசவில்லை என்று யோசித்துவிட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீ கேட்டிருப்பது அசலான அரசியல் அறிவியல் கேள்வி. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வேலையைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நீ பார்த்த அந்த நாற்காலிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அரசியல் நிர்ணய சபையின் முன் வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் புகழ்ந்தவர்களைக் கடுமையாக மறுத்தார். குறுகிய மனமும் அறியாமையும் குடியிருக்கும் இடம் அது என்றார். உறுப்பினர்கள் பலர் கொதித்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி, சென்னை மாகாணத்திலிருந்து போயிருந்த கே. சந்தானம், ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்றைய அரசியலமைப்பின் 40ஆவது உறுப்பு (Article). ஆனால் அது வழிகாட்டும் நெறிகளில் ஒன்றாக மட்டுமே இடம்பெற்றது. நிறைவேற்றவில்லை என்று யாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஊராட்சிக்கு அரசியலமைப்பின் உறுதியான பிடிமானம் கிடைக்க 1992இல் நிறைவேறிய 73ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று அந்தத் திருத்தம் சொன்னது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது.

இப்போது உன் ஊர்த் தலைவரை நினைத்துப் பார். அவருக்கு நாற்காலியைத் தந்தது சந்தானம் தொடங்கிவைத்த வழி. அவரைப் பேசவிடாமல் தடுத்தது, அம்பேத்கர் எச்சரித்த அதே கிராமம். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் பழைய அந்த வாக்குவாதம் உன் கண்ணெதிரே, ஊராட்சி அலுவலகத்துப் பந்தலில் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது. அந்த விவாதங்கள் முழுவதும் அச்சாகியிருக்கின்றன; இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நவம்பர் 4ஆம் தேதிப் பேச்சை இந்த வாரமே தேடிப் படி. புரியாத சொற்களுக்கு அகராதி பார். நேரம் பிடித்தால் பிடிக்கட்டும்.

ஆனால் வாயடைத்து உட்கார்ந்திருந்தார் என்பதால் அந்தப் பெண் அந்தப் பதவியில் இருந்ததே வீண் என்று முடிவு கட்டிவிடாதே. இங்கேதான் இந்தப் பாடம் நம் அவசர முடிவுகளைப் பிடித்து நிறுத்துகிறது. ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்லோ என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளையும் ஒதுக்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். பெண் தலைவராக இருந்த இடங்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. அங்கே பெண்கள் அதிகம் முறையிட்டதும் குடிநீரைப் பற்றித்தான். கூட்டத்தில் கேட்ட குரலை வைத்து அளந்தால் ஒரு விடை வருகிறது, பணம் போன இடத்தை வைத்து அளந்தால் வேறு விடை வருகிறது. எதை அளப்பது, எதோடு ஒப்பிடுவது என்று கற்றுக்கொள்வதுதான் இந்தப் படிப்பின் உயிர். அதற்குக் கொஞ்சம் புள்ளியியல் வேண்டும். துணைப்பாடமாகப் பொருளியலோ புள்ளியியலோ கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள். கணக்குக்குப் பயந்து இந்தப் பாடத்துக்கு ஓடிவருகிற பிள்ளைகளைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

சரி, இதையெல்லாம் சொல்லித் தருவார்களா? இதற்கு உண்மையான பதிலைச் சொல்லியாக வேண்டும். பாடத்திட்டத்தில் இருக்கும். அரசியல் கோட்பாடு, இந்திய அரசியலமைப்பு, பிளேட்டோ முதல் மார்க்ஸ் வரையிலான சிந்தனையாளர்கள், பொது நிர்வாகம், ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள் என்று ஆறு பருவங்களும் நிறைந்திருக்கும். வகுப்பில் அது உயிரோடு வருமா என்பது ஆசிரியரைப் பொறுத்தது. நான் படித்த காலத்தில் முதல் இரண்டு ஆண்டுகளும் ஆசிரியர் குறிப்புச் சொல்ல, நாங்கள் எழுதினோம். தேர்வுக்கு முந்தைய வாரம் கைடு வாங்கி மனப்பாடம் செய்தோம். மக்களாட்சிக்கு லிங்கன் சொன்ன இலக்கணத்தை எழுதி மதிப்பெண் வாங்கினேன். எதுவும் புரிந்திருக்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் புதிதாக வந்த ஓர் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். '1952 தேர்தலில் சென்னைச் சட்டப்பேரவையின் 375 இடங்களில் காங்கிரஸ் வென்றது 152. பெரும்பான்மை இல்லை. பிறகு எப்படி ஆட்சி அமைத்தது?' கைடில் விடை இல்லை. நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்தோம். தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா சட்டமன்றத்தின் மேலவைக்கு நியமித்ததையும், அவர் முதலமைச்சரானதையும், அது நீதிமன்றம் வரை போனதையும் கண்டுபிடித்தோம். சிறிய கட்சிகள் எப்படி காங்கிரஸ் பக்கம் சாய்ந்தன என்றும் படித்தோம். அவற்றில் ஒன்று 19 இடங்கள் வென்ற தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. அதன் வலுவே உங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டம்தான், மகளே. உன் தாத்தா இருந்தால் கேட்டுப் பார், அந்தத் தேர்தலின் கதை அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு மாதத்தில் ஆளுநரின் அதிகாரம், மேலவை, கூட்டணி, கட்சித் தாவல் எல்லாவற்றையும் கற்றுவிட்டேன். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது, அது ஏன் வந்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படி ஓர் ஆசிரியர் உனக்கு அமையலாம், அமையாமலும் போகலாம். அமையாவிட்டால் அந்தக் கேள்விகளை நீயே கேட்டுக்கொள்ள வேண்டும். வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் அவற்றில் உண்டு. உன் தொகுதியில் நின்றவர்களுடையதை மட்டும் எடுத்து ஒரு நோட்டில் பட்டியல் போட்டுப் பார். முதலாண்டு மாணவிக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்வழியில் வருகிற பிள்ளைகள் முதலில் தடுமாறுவது 'அரசு' என்ற சொல்லில். பேச்சில் அரசு, அரசாங்கம் இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறோம். இந்தப் பாடத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறக்கூடியது அரசாங்கம். அது மாறினாலும் மாறாமல் நிற்கிற அமைப்பு அரசு. ஆங்கில நூல்களில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கும், தமிழ்க் குறிப்புகளில் குழம்பியிருக்கும். நல்ல நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்பது கசப்பான உண்மை. அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் அருகருகே வைத்து நாளைக்கு இரண்டு உறுப்புகள் படி. ஓராண்டில் ஆங்கிலமும் வசப்படும், சட்ட மொழியும் வசப்படும்.

உன் அப்பாவின் கோபமும் ஒரு சொல்லிலிருந்து பிறந்ததுதான். வீட்டில் ஒருவன் சூது செய்தால் 'அரசியல் செய்கிறான்' என்கிறோம். அந்தச் சொல்லை மகளின் பட்டத்தில் பார்க்க எந்தத் தகப்பனுக்கும் தயக்கம் இருக்கும். அவரைக் குறை சொல்லாதே. கடன் நோட்டை நம்பிக் கடை நடத்துகிறவர், போட்ட முதல் திரும்புமா என்று கேட்பது நியாயம்.

அதற்குப் பதில் இது. மாமா சொல்வது தவறு. குடிமைப் பணித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலை 500 மதிப்பெண்களுக்கு விருப்பப் பாடமாக எடுக்கலாம், பொது அறிவுத் தாள்களுக்கும் உதவும், அவ்வளவுதான். லட்சக்கணக்கானோர் எழுதி ஆயிரம் பேர் அளவில் தேர்வாகும் ஒன்றை நம்பி ஒரு பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இந்திய அரசியலமைப்புப் பகுதி உனக்குச் சுமையாக இருக்காது. அது ஓர் உண்மையான ஆதாயம்.

இந்தப் பட்டத்தோடு படிப்பை நிறுத்தினால், வேலைச் சந்தையில் அதற்கென்று தனி மதிப்பு குறைவு. இதை மறைக்க மாட்டேன். அடுத்த படி ஒன்று வேண்டும். உன்னைப் போன்றவளுக்கு நான் முதலில் சொல்வது மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. அரசியலமைப்பை முன்பே படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே பாதிப் பாதை பழகியதாக இருக்கும். கற்பிக்க ஆசை இருந்தால் முதுகலை, பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் அல்லது செட் தேர்வு. பள்ளியில் முதுகலை ஆசிரியராக வரலாம், ஆனால் மற்ற பாடங்களைவிட இடங்கள் குறைவு. பொதுக் கொள்கைப் படிப்புகளும் இருக்கின்றன. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில்கூட உண்டு. இதழியல், களஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் எல்லாம் எழுதத் தெரிந்தவர்களையும், கேள்வித்தாள் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகத் தயங்காதவர்களையும் தேடுகின்றன.

கல்லூரியைப் பொறுத்தவரை, எல்லா அரசுக் கலைக் கல்லூரிகளிலும் இந்தப் பாடம் கிடையாது. முதலில் அருகில் எங்கே இருக்கிறது என்று விசாரி. சென்னை என்றால் மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி இரண்டிலும் இருக்கிறது. அப்பாவை அழைத்துக்கொண்டு நேரில் போ. துறைத் தலைவரிடம், ஐந்து ஆண்டுகளுக்கு முன் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று அப்பாவே கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் துறையில் சேராதே. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதையும் அப்பாவிடம் சொல்.

பி.காம். மட்டமான படிப்பு இல்லை. கணக்கு உனக்குப் பிடித்திருந்தால் அதில் சேர்ந்துகொண்டே நான் சொன்னவற்றைப் படிக்கலாம். ஆனால் உன் கடிதத்தில் கணக்கைப் பற்றி ஒரு வரி இல்லை, கிராமசபையைப் பற்றித்தான் பக்கம் நிறைந்திருக்கிறது. நானாக இருந்தால் அரசியல் அறிவியலில் சேர்வேன்.

பள்ளியில் படித்த கணக்குப்பதிவியல் உன்னிடம் இருக்கிறதே, அது பெரிய பலம். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கிராமசபையில் வைக்க வேண்டும். வைத்தால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பந்தலில் எத்தனை பேர்? அக்டோபர் 2 அன்று மறுபடி கிராமசபை கூடும். அம்மாவுடன் முன்வரிசையில் உட்கார். கணக்கைக் கேட்டு வாங்கிப் படி. குடிநீருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பார். முடிந்தால் கூட்டம் கலைந்த பிறகு அந்த நாற்காலியில் இருப்பவரிடம் தனியாகப் போய்ப் பேசு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.