ஐம்பது லட்சம் வெள்ளிக் கம்பெனி

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் நானும் என் மைத்துனரும் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வாங்கி ஆலைக்கு அனுப்புகிறோம். லோரி பிடித்துக்கொடுக்க ஒரு கைப்பேசி ஆப்பும் செய்திருக்கிறோம். நாளொன்றுக்கு 20 டன். ஆலை விலை டன்னுக்கு 800 வெள்ளி (ரிங்கிட்). லோரிக் கூலி போக எங்களுக்கு டன்னுக்கு நிற்பது 18 வெள்ளி. தோட்டக்காரருக்கு அன்றைக்கே காசு கொடுத்துவிடுகிறோம், ஆலை அடுத்த மாதம் 10ஆம் தேதிதான் தருகிறது. சிங்கப்பூர் முதலீட்டாளர் ஒருவர் கம்பெனியை 40 லட்சம் என்று மதிப்பிட்டு, 10 லட்சம் போட்டு 20 விழுக்காடு பங்கு கேட்கிறார். ஊரில் இப்போதே ‘ஐம்பது லட்சம் வெள்ளி முதலாளி’ என்கிறார்கள். அவர் தந்த டெர்ம் ஷீட்டை (முதலீட்டு நிபந்தனைத் தாள்) இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

(பெயர் போட வேண்டாம்)
சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள தம்பிக்கு,

இப்போதைய நிலையில் போடாதீர்கள். காரணம் மதிப்பீட்டில் இல்லை, மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் இரண்டாம் பக்கம். பணம் வருவதற்கு முன்பே ஊழியர்களுக்கென்று 10 விழுக்காடு பங்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். அது முழுக்க உங்கள் இருவர் பங்கிலிருந்து போகிறது. உங்களுக்கு மிஞ்சுவது 80 அல்ல, 70. அவர் சொல்லும் 40 லட்சமும் அவர் போடும் 10 லட்சமும் சேர்ந்த ஐம்பது லட்சத்தில் 70 விழுக்காடு 35 லட்சம். ஆக, உங்களுக்கு உண்மையில் சொல்லப்பட்ட விலை 40 அல்ல, 35.

மூன்றாம் பக்கத்தில், கம்பெனியை விற்றால் முதலீட்டாளர் போட்டதைப் போல இரண்டு மடங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்திலும் 20 விழுக்காடு எடுப்பார் என்று இருக்கிறது. நாளை யாரோ ஒரு தவுக்கே (பெரிய முதலாளி) 30 லட்சத்துக்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 20 லட்சம் முதலீட்டாளருக்கு. மிச்சம் 10 லட்சத்தில் 2 லட்சம் அவருக்கு, 1 லட்சம் ஊழியர்களுக்கு. உங்கள் இருவருக்கும் சேர்த்து 7 லட்சம். இதே முதலீட்டாளரிடம் மதிப்பை 30 லட்சமாகக் குறைத்து, 25 விழுக்காடு கொடுத்து, ‘போட்ட பணமோ பங்கின் விகிதமோ, எது அதிகமோ அதை மட்டும் எடுத்துக்கொள்’ என்று எழுதி வாங்கினால், அதே விற்பனையில் அவருக்கு 10 லட்சம், உங்களுக்கும் ஊழியர்களுக்கும் சேர்த்து 20 லட்சம். ஊர் ‘நாற்பது லட்சம்’ என்று கொஞ்சம் தணிந்து பேசும், பேசட்டும்.

மதிப்பீடு என்பது கடைசியாக வந்தவர் ஒரு பங்குக்குக் கொடுத்த விலையை எல்லாப் பங்குகளாலும் பெருக்கியது. அவர் பங்குக்கு இருக்கும் சலுகை உங்கள் பங்குக்குக் கிடையாது. பெருக்கும்போது அதை யாரும் கழிப்பதில்லை. அலுவலக இடத்தை வாடகைக்கு விடும் அமெரிக்கக் கம்பெனியான வீவொர்க் 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் மதிப்பு. 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இப்போது ஆப்பை மூடிவிட்டு உங்கள் வியாபாரத்தைப் பார்ப்போம். 20 டன், 800 வெள்ளி என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 16,000 வெள்ளி கையை விட்டுப் போகிறது. மாத முதல் தேதி வாங்கிய குலைக்கு ஆலை அடுத்த மாதம் 10ஆம் தேதி காசு தருகிறது, அதாவது 40 நாள். அந்த 10ஆம் தேதிக்கு முந்தைய நாள் உங்களுக்கு வெளியே நிற்கும் பணம் 6 லட்சத்து 40 ஆயிரம் வரை போகும். வரத்து இரட்டித்தால் 12 லட்சத்து 80 ஆயிரம். முதலீட்டாளர் தரும் 10 லட்சம் அதற்கே போதாது. வியாபாரம் வளர வளரக் கை காய்ந்துகொண்டே போகும். ஆனால் இது தொலைகிற பணம் அல்ல, 40 நாளில் திரும்புகிற பணம். அதற்காகக் கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கை நிரந்தரமாக எழுதிக்கொடுப்பது மகா விலை. ஆலையின் பில்லைக் காட்டி வங்கியில் சுழற்கடன் (கட்டக் கட்டத் திரும்ப எடுக்கும் கடன்) கேளுங்கள். ஆலையிடம் 15 நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா கேளுங்கள். தொடக்கத்துக்கு, சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான டெக்குன் இந்திய வணிகர்களுக்குத் தரும் ஸ்புமி கடனும் இருக்கிறது.

18 வெள்ளி எங்கே ஓடுகிறது என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆலை குலை எடையில் 20 விழுக்காடு எண்ணெய் என்று வைத்து, விழுக்காட்டுக்கு 40 வெள்ளியாகத்தான் அந்த 800ஐக் கட்டுகிறது. கறுத்த பழுக்காத குலை, நீளக் காம்பு, மண் என்று சொல்லி அரை விழுக்காடு வெட்டினால் டன்னுக்கு 20 வெள்ளி போச்சு. உங்கள் லாபத்தை விட 2 வெள்ளி அதிகம். மழையில் லோரி வராமல் குலை இரண்டு நாள் கிடந்தால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும், எடையும் குறையும். குலையை ஏற்றும் இடத்திலேயே தரம் பாருங்கள், படம் எடுங்கள், ஆலை வெட்டினால் யார் தலையில் என்று தோட்டக்காரரிடம் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஆப் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பது என் எண்ணம். லோரி பிடிக்க வாட்ஸ்அப் போதும்.

பழம் வாங்கி விற்க மலேசிய செம்பனை வாரியத்தின் உரிமம் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும், மைத்துனர் பெயரில் அல்ல. வரியையும் பாருங்கள்: சிறு, நடுத்தரக் கம்பெனிக்கு முதல் 1 லட்சத்து 50 ஆயிரத்துக்கு 15 விழுக்காடு, அடுத்து 6 லட்சம் வரை 17, மேலே 24. 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, செலுத்திய மூலதனத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. மேலே நான் சொன்ன 25 விழுக்காடு சிங்கப்பூர்க்காரருக்குப் போனால் சிக்கல். உள்ளூர் ஆளைத் தேடுங்கள், அல்லது கணக்காளரிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

நீங்களும் மைத்துனரும் பாதிப் பாதி என்பது டெர்ம் ஷீட்டில் தெரிகிறது. வாக்கு சமமாக நின்றால் கடைசி முடிவு யாருடையது என்று இப்போதே எழுதுங்கள். ஒருவர் பாதியில் விலகினால் பங்கு முழுதும் அவரோடு போகாதபடி, நான்கு வருடத்தில் சிறுகச் சிறுக உரிமையாகும் வகையில் வையுங்கள். குடும்பத்துக்குள் இதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும்.

அடுத்த கடிதத்தோடு மூன்று மாத எடைச்சீட்டுகளை அனுப்புங்கள். உங்கள் எடைக்கும் ஆலை எடைக்கும் 1 விழுக்காடு வித்தியாசம் வந்தாலே டன்னுக்கு 8 வெள்ளி. அதை முதலில் பிடிக்க வேண்டும்.