பள்ளியில் நட்ட புங்கன் கன்றுகள் வாடுவது பற்றி

தினமும் தண்ணீர் ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள். தேசிய பசுமைப் படை என்ற பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் நட்ட 20 புங்கன் கன்றுகளும், நாள் தவறாமல் தண்ணீர் விட்டும் மூன்றாவது வாரத்திலேயே வாடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். புங்கன் வறட்சி தாங்கும் மரம். தண்ணீர் விட்டும் வாடினால் கோளாறு பெரும்பாலும் வேரில்தான்.

எனக்குச் சந்தேகம் நாற்றங்காலிலிருந்து கன்று வரும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பை மேல். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவசரத்தில் அடியை லேசாக மட்டும் கிழித்துவிட்டு அப்படியே குழிக்குள் இறக்கிவிடுவார்கள். (பெரியவர்களும்தான். போட்டோவுக்கு நிற்கும் அவசரம் இருக்கிறதே!) பைக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்.

ரொம்ப மோசமாக வாடிய கன்று ஒன்றைச் சுற்றி அகலமாகத் தோண்டி, மண்ணோடு எடுங்கள். பை இருந்தால் தெரிந்துவிடும். வேரை விரலால் நசுக்கிப் பாருங்கள்; பழுப்பாக, கொழகொழவென்று, நாற்றம் அடித்தால் அழுகல். மற்றக் கன்றுகளில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பட்டைக்கடியில் பச்சை தெரிந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பையை முழுசாக உரித்து, வேர்மண் உடையாமல் மறுபடி நட்டு, மேல்மண் விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

பையே இல்லை, தண்டில் மண் அப்பியிருக்கிறது என்றால் அது கரையான் வேலையாக இருக்கலாம்; அதற்கு இந்த வைத்தியம் உதவாது.

அப்புறம், தோண்டும்போது பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அது யார் நட்ட குழி என்று மட்டும் கேட்காதீர்கள்.