ஐம்பது பங்கு, ஒரு வாய்க்கால்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கூட்டாக நிலம் வாங்குவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதிலில், கலிபோர்னியாவில் இருக்கும் அனாஹைம் ஊரே ஐம்பது பங்காக ஜெர்மன்காரர்கள் சேர்ந்து வாங்கிய நிலத்தில் உண்டானதுதான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காங்கேயம், கோபி, பொள்ளாச்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள். சரி, இந்த முறை சினிமாவும் அரசியலும் ஓரமாக இருக்கட்டும்.

எங்கள் செட்டில் பன்னிரண்டு பேர். பனியன் கம்பெனி, ஆடிட்டர் ஆபீஸ், பேங்க் என்று ஆளுக்கொரு வேலை. தாராபுரம் பக்கம் 36 ஏக்கர் சேர்ந்து வாங்கி ஆளுக்கு மூன்று ஏக்கராகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்த ஜெர்மன்காரர்கள் எப்படிப் பிரித்தார்கள்? சண்டை வரவில்லையா?
– வாசகர், திருப்பூர்

சண்டை வரும் இடம் எது என்று முதலிலேயே பார்த்து அதை அடைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

1857-ல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஜெர்மன்காரர்கள் சேர்ந்து ‘லாஸ் ஏஞ்சல்ஸ் வைன்யார்ட் சொசைட்டி’ என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பங்கு மொத்தம் ஐம்பது. தெற்கே சாண்டா அனா ஆற்றுப் பக்கம், யுவான் பசிஃபிகோ ஒன்டிவெரோஸ் என்ற பண்ணைக்காரரிடம் 1,165 ஏக்கர், ஏக்கர் 2 டாலர் வீதம் கிரயம் ஆனது. கணக்குப் போட்டால் 2,330 டாலர்தான். அந்தக் காலத்துக்கே அது பெரிய தொகை இல்லை, ஏனென்றால் வாங்கியது பொட்டல். செலவெல்லாம் அதற்கப்புறம்.

பங்குதாரர்கள் உடனே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. அவரவர் வேலையை விடாமல் நகரத்திலேயே இருந்து தவணை கட்டினார்கள். இடத்தில் ஜார்ஜ் ஹேன்சன் என்ற சர்வேயர், ஆஸ்திரியாக்காரர், கூலிக்கு ஆள் வைத்து வேலையை நடத்தினார். மெக்சிகோக்காரர்களும் அந்த மண்ணின் பழங்குடிகளும்தான் கூலியாட்கள். ஆற்றிலிருந்து சுமார் ஏழு மைலுக்கு வாய்க்கால் வெட்டி, நிலத்தை இருபது இருபது ஏக்கராக ஐம்பது துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் எட்டு ஏக்கரில், ஏக்கருக்கு ஆயிரம் கொடி வீதம் நட்டார்கள். ஆக மொத்தம் நாலு லட்சம் திராட்சைக் கொடி. நடுவில் ஊருக்கு இடம் விட்டு, ஆளுக்கு ஒரு வீட்டுமனை, பள்ளிக்கூடம் முதலான பொதுக் காரியங்களுக்குப் பதினாலு மனை.

1859-ல் பிரிவினை. அதற்குள் ஆளுக்கு 1,200 டாலர் கட்டி முடித்திருந்தார்கள். குலுக்கல் போட்டுத்தான் எடுத்தார்கள், ஆனால் வெறும் குலுக்கல் இல்லை. சீட்டு எடுப்பதற்கு முன்பே, எந்தத் துண்டு ஊருக்குப் பக்கம், எது நல்ல இடம் என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை எழுதிவிட்டார்கள். 600 டாலரிலிருந்து 1,400 வரை இருந்தது. 1,400 டாலர் துண்டு விழுந்தவர் மேற்கொண்டு 200 டாலர் பொதுவில் கட்ட வேண்டும். 600 டாலர் துண்டு விழுந்தவருக்கு 600 திருப்பிக் கையில் கிடைக்கும். மேட்டுக்காடு விழுந்தது, கடைமடை விழுந்தது என்று யாரும் முணுமுணுக்க வழியில்லை, முணுமுணுப்புக்கான காசுதான் கைக்கு வந்துவிட்டதே! நம் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது கூட விலை எழுதாமல் ‘சமமாக’ அளந்து கொடுத்துவிட்டு, அப்புறம் ரோட்டோரத் துண்டுக்காக முப்பது வருஷம் பேசாமல் இருக்கிறார்கள். உங்கள் 36 ஏக்கரில் ரோடு ஒரு பக்கம்தானே இருக்கும்? மூன்று ஏக்கர் எல்லாம் ஒரே விலை ஆகாது. முதலில் விலை எழுதுங்கள், அப்புறம் சீட்டு.

விவசாயம் தெரிந்தவர்களா இவர்கள்? இல்லை, காசு இருக்கிறது என்று வாங்கிப் போட்டவர்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

தச்சர், கொல்லர், வாட்ச் ரிப்பேர் செய்பவர், புத்தகம் பைண்டு செய்பவர், செருப்புத் தைப்பவர், பீர் வடிப்பவர், நாலைந்து வாத்தியக்காரர்கள், ஒரு கவிஞர் கூட உண்டு என்று பழைய பட்டியல் சொல்கிறது. விவசாயி என்று சொல்லத்தக்க ஆள் அதில் கிடையாது. யோசனைக்குப் பின்னால் இருந்த ஜான் ஃப்ரோலிங், சார்லஸ் கோலர் இருவருமே கச்சேரி செய்து கொண்டிருந்தவர்கள். ஒருவர் புல்லாங்குழல், மற்றவர் வயலின். 1854-ல் ஒயின் வியாபாரத்தில் இறங்கினார்கள், சரக்கு போதவில்லை, திராட்சை வேண்டும். ஆக, விளைந்தால் வாங்க ஆள் இருக்கிறது என்பது தெரிந்தேதான் நட்டார்கள். இதைக் கவனியுங்கள், நம்மில் பலர் நட்டுவிட்டுத்தான் யாருக்கு விற்பது என்று யோசிக்கிறோம்.

வந்து கற்றுக்கொண்டார்கள். முதல் சில வருஷம் சிரமம்தான், 1862 வெள்ளமும் வந்தது, அதற்கடுத்து 1863, 1864-ல் கடும் வறட்சியும் வந்தது. இருந்தாலும் ஊர் நின்றது.

இதே ஊருக்கு 1876-ல் இன்னொரு கூட்டம் வந்தது, அது வேறு மாதிரி. போலந்தின் பெரிய நாடக நடிகை ஹெலெனா மோட்ஜெஸ்கா, அவர் கணவர், நண்பர்கள் சிலர். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் ஹென்ரிக் சியன்கியவிச்சும் அதில் ஒருவர். பண்ணை வைத்து நிம்மதியாக வாழலாம் என்று கனவு. மாடு வாங்கினார்கள், பால் கறக்கத் தெரிந்த ஆள் இல்லை, பாலும் வெண்ணெயும் அக்கம்பக்கத்தில் காசு கொடுத்து வாங்கினார்கள். சீக்கிரமே கையிருப்பு கரைந்தது. அந்த அம்மா இங்கிலீஷ் கற்றுக்கொண்டு அடுத்த வருஷமே சான் பிரான்சிஸ்கோ மேடை ஏறிவிட்டார், பெரும் புகழும் வந்தது. விவசாயத்துக்குத்தான் நஷ்டமோ லாபமோ, நாடகத்துக்கு லாபம். ஜெர்மன்காரர்களுக்கும் விவசாயம் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது. ஜெர்மன்காரர்கள் வந்து இறங்கும்போது வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது, கொடி இரண்டு வயசு ஆகியிருந்தது, கட்ட வேண்டிய தவணையும் முடிந்திருந்தது. வித்தியாசம் அங்கேதான்.

சுற்றிலும் வேலி போட்டார்களா? காங்கேயத்துக்காரன் வேறு என்ன கேட்பேன்!
– வாசகர், காங்கேயம்

உங்களுக்குப் பிடித்த பதில் இருக்கிறது. சுற்றிலும் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள், மாடுகள் ஆயிரக்கணக்கில் அவிழ்த்து விட்டபடி மேயும். இளங்கொடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேலி வேண்டும். ஆற்றோரம் வளரும் வில்லோ மரத்தில் போத்து (ஊன்றி நடும் கிளை) வெட்டி, சுமார் 40,000 போத்து, நிலத்தில் இரண்டடி ஆழம் ஊன்றி ஐந்தரை மைல் சுற்றளவுக்கு நட்டார்கள். வாய்க்கால் ஈரம் பட்டதும் எல்லாம் வேர் பிடித்துத் தழைத்துவிட்டது. கொறங்காட்டை, அதாவது மாடு மேயும் காட்டைச் சுற்றி நீங்கள் கிளுவைப் போத்து ஊன்றுவது மாதிரியேதான், மரம்தான் வேறு. நாலு திசைக்கும் நாலு கதவு. மெக்சிகோக்காரர்கள் அந்த இடத்தை ‘காம்போ அலெமான்’, அதாவது ஜெர்மன்காரன் காடு (விளைநிலம்) என்றே சொன்னார்கள். வேலி எப்போதோ போய்விட்டது, ஆனால் அது நின்ற கோட்டில் இன்றைக்கும் நார்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட் என்ற நாலு தெருக்கள் இருக்கின்றன.

அந்த நிலம் முதலில் யாருடையது? இரண்டு டாலருக்கு எப்படிக் கிடைத்தது?
– வாசகர், பெருந்துறை

மெக்சிகோ ஆட்சிக் காலத்தில் மாடு மேய்க்க மானியமாகக் கொடுத்த பெரும் பண்ணையின் ஒரு மூலை அது. அதற்கும் முன்னால் டோங்வா முதலான பழங்குடிகளின் மண். அவர்களிடம் யாரும் கிரயம் வாங்கவில்லை. பிறகு அதே மக்கள் வாய்க்கால் வெட்டக் கூலிக்கு வந்தார்கள்.

இப்போது அங்கே திராட்சை இருக்கிறதா?
– வாசகர், பொள்ளாச்சி

இல்லை. இருபத்தைந்து வருஷம் செழித்தது, 1880-களின் நடுவில் ஒரு நோய் வந்தது. இலை ஓரம் கருகும், காய் சுருங்கும், கொடி இரண்டு மூன்று வருஷத்தில் பட்டுப்போகும். ஊரின் பெயரிலேயே ‘அனாஹைம் நோய்’ என்றார்கள். எதனால் என்று யாருக்கும் புரியவில்லை. அரசாங்கம் நியூட்டன் பியர்ஸ் என்ற ஆராய்ச்சியாளரை அனுப்பியது, அவரும் 1892-ல் விவரமாக அறிக்கை எழுதினார், ஆனால் காரணம் பிடிபடவில்லை. இப்போது அவர் பெயரில் ‘பியர்ஸ் நோய்’ என்கிறார்கள். ஒருவகை பாக்டீரியா, தண்ணீர் ஏறும் குழாயை அடைத்துவிடுகிறது, சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிதான் கொடிக்குக் கொடி பரப்புகிறது. நோய்க்குக் காரணம் பாக்டீரியாதான் என்று நிச்சயமானதே 1970-களில். பிடித்த கொடியைப் பிழைக்க வைக்க மருந்து இன்றைக்கும் இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தென்னையில் வேர் வாடல் நோயும் உறிஞ்சும் பூச்சியால்தான் பரவுகிறது, மருந்தும் கிடையாது, நோய் முற்றிய மரத்தை வெட்டித்தான் அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. நூறு ஏக்கருக்கு ஒரே மரம் என்று நிற்கிற தோப்பில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? கொடியைப் பிடுங்கிவிட்டு வால்நட்டும் ஆரஞ்சும் வைத்தார்கள். வாய்க்கால் அப்படியே இருந்ததால் பயிர் மாற்ற முடிந்தது. இந்த ஆரஞ்சுத் தோப்பில் 160 ஏக்கரை வாங்கித்தான் 1955-ல் டிஸ்னிலாண்ட் திறந்தார்கள். அடுத்த தலைமுறை அங்கே விற்றது மனை.

எல்லா ஜெர்மன் குடியேற்றமும் இப்படித்தான் ஜெயித்ததா?
– கல்லூரி மாணவி, கோவை

இல்லம்மா. மிசூரி மாநிலத்தில் ஹெர்மன் என்று ஒரு ஊர். பிலடெல்பியாவில் இருந்த ஜெர்மன்காரர்கள் 1836-ல் சங்கம் ஆரம்பித்து, ஜார்ஜ் பேயர் என்ற பள்ளி ஆசிரியரை அனுப்பி 11,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். ஊர் பிளானை பிலடெல்பியாவில் உட்கார்ந்து பேப்பரில் போட்டார்கள், தெரு நேர் நேராக, கடைவீதி பிலடெல்பியாவை விட அகலமாக. போய்ப் பார்த்தால் இடம் முழுக்கக் கரடு. மனை வாங்கியவர்களில் சிலருக்குச் செங்குத்துச் சரிவில் மனை! எல்லாப் பழியும் பேயர் தலையில் விழுந்தது, பாவம், 1839-லேயே இறந்துபோனார். பிற்பாடு அந்தச் சரிவுதான் திராட்சைக்குத் தோது என்று தெரிந்து ஊர் பிழைத்துக்கொண்டது. மினசோட்டாவில் நியூ உல்ம் என்ற ஊரை 1854-ல் சிகாகோ சங்கம் ஒன்று தொடங்கி, பணம் பற்றாமல், 1856-ல் சின்சினாட்டியிலிருந்து வந்த இன்னொரு சங்கத்தோடு சேர்ந்தது. இடத்தை நேரில் பார்க்காமல் பிளான் போட்டவர்களும், கையில் காசு இல்லாமல் ஆரம்பித்தவர்களும் எல்லா ஊரிலும் உண்டு.

தண்ணீருக்கு அங்கே என்ன ஏற்பாடு? எங்கள் பக்கம் கூட்டாகத் தோட்டம் வாங்கினால் கிணற்றில்தான் தகராறு.
– வாசகர், தாராபுரம்

இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. நிலத்தைப் பிரித்தார்கள், தண்ணீரைப் பிரிக்கவில்லை. 1859-ல் வாய்க்காலை ‘அனாஹைம் வாட்டர் கம்பெனி’ என்று தனிக் கம்பெனிக்கு மாற்றி, அதன் பங்கை நிலத்தோடு கட்டிப்போட்டார்கள். நிலத்தை விற்றால் தண்ணீர்ப் பங்கும் கூடவே போகும், தண்ணீர்ப் பங்கை மட்டும் தனியாக விற்க முடியாது. பணக்காரன் ஒருவன் வந்து தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொள்கிற வேலை அங்கே நடக்கவில்லை. பின்னால் பக்கத்துக் கம்பெனியோடு ஆற்றுத் தண்ணீருக்காகக் கோர்ட்டுக்குப் போனது உண்மைதான், 1884-ல் வேறு சில வாய்க்கால் கம்பெனிகளும் சேர்ந்து ‘அனாஹைம் யூனியன் வாட்டர் கம்பெனி’ ஆனது.

நம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ‘மேற்படி பூமியில் உள்ள கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகம், மோட்டார் பம்ப்செட், மின் இணைப்பு, தண்ணீர் இறைத்துக்கொள்ளும் முறை, போக வர வண்டித்தடப் பாத்தியம்’ என்று மூச்சு விடாமல் ஒரு வரி இருக்கும். எழுதியவர் விவரம் தெரிந்தவர். தகராறு எங்கே வருகிறது என்றால், இப்போது பலர் அந்த வரியைச் சுருக்கிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ‘அப்புறம் பேசிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். மின் இணைப்பு ஒருவர் பேரில் இருக்கும், இலவச மின்சாரம், பேர் மாற்ற மற்றவர்கள் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் பெங்களூரில் இருப்பார், அவருக்கும் இவருக்கும் பேச்சு இருக்காது.

திருப்பூர்க்காரருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பன்னிரண்டு பேர் பேரிலும் பிரிபடாத பாகமாகக் கிரயம் வாங்கி, அப்புறம் பிரிக்கலாம் என்று இருக்காதீர்கள். வெளியாட்கள் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டால் முத்திரைத் தீர்வை குடும்பத்துக்குள் பிரிப்பதை விட அதிகம். கிரயத்துக்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்து, பொழிக்கல் (எல்லைக்கல்) நட்டு, துண்டு துண்டாக அவரவர் பேருக்கே நான்கு எல்லையோடு பதிவு செய்துகொள்ளுங்கள், உட்பிரிவுப் பட்டாவும் தனித்தனியாக வாங்கிவிடுங்கள். தடம் எத்தனை அடி அகலம் என்பது எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். போர்வெல் யார் போடுவது, எங்கே போடுவது, ஒருவர் ஆயிரம் அடிக்கு இறக்கினால் பக்கத்துக் கிணறு என்ன ஆகும் என்பதை இப்போதே பேசி எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பங்கை விற்க நினைப்பவர் முதலில் கூட்டாளிகளிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. அனாஹைமிலேயே ஐம்பது பேரும் வந்து குடியேறவில்லை, உங்களிலும் இரண்டு பேராவது பாதியில் கழன்றுகொள்வார்கள். அது யார் யார் என்று உங்களுக்கே இப்போது ஒரு யூகம் இருக்கும்.